குளத்து மீனுக்கு ஃப்ளை தூண்டில்: முதல் வீச்சிலிருந்து சொந்தமாக ராட் கட்டுவது வரை

டெக்சாஸில் வீட்டுப் பக்கத்துக் குளத்திலும் ஆற்றிலும் ஃப்ளை ராட் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளை தூண்டில் என்றாலே பனிமலை ஓடை, ட்ரவுட் மீன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நமக்குக் கிடைப்பது வெதுவெதுப்பான தண்ணீர். குளத்தில் ப்ளூகில், லார்ஜ்மவுத் பாஸ். லானோ, குவாடலூப் மாதிரி ஆறுகளுக்குப் போனால் மாநில மீனான குவாடலூப் பாஸ். இவை ட்ரவுட் அளவுக்கு நுணுக்கம் பார்க்காது. அதனால் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். சாதாரண தூண்டிலில் நுனியில் இருக்கும் ஈயம் பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளையில் அப்படியில்லை. நுனியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு முள்; எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பறப்பது தடித்த லைன். ராட் வளைவதும் அந்த லைனின் எடையால்தான். ராட் மேலும் லைன் மேலும் ஒரே எண் போட்டு விற்பது இதற்காகத்தான்: லைனின் முதல் 30 அடி 140 கிரெயின் எடை இருந்தால் 5, 160 கிரெயின் இருந்தால் 6, 210 இருந்தால் 8. ராட் 6 என்றால் லைனும் 6.

## 1. வாங்கிய ராட் முதலில், கட்டும் ராட் அப்புறம்

சொந்தமாக ராட் கட்டும் ஆசையில்தான் பலர் இந்தப் பக்கமே வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சீசன் தள்ளிப் போடுங்கள். வீசவே தெரியாத கையில் புது ராட் இருந்தால், லைன் போகாததற்குக் காரணம் ராடா கையா என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் கைதான். பழி மட்டும் ராட் மேல் விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சீசன் மீன் பிடித்த பிறகுதான் எந்தப் பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறது, காற்று உங்களை எவ்வளவு படுத்துகிறது, ப்ளூகில் போதுமா பாஸ்தான் வேண்டுமா என்பதெல்லாம் தெரியவரும். கட்டும்போது எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

## 2. முதலில் வாங்க வேண்டியவை

9 அடி நீளம், 4 துண்டு, 6 எண் ராட். ப்ளூகில் மட்டும் என்றால் 5 எண்ணே போதும். ஆனால் இங்கே காற்று அதிகம், பாப்பருக்கும் (தண்ணீர் மேல் மிதந்து சத்தம் எழுப்பும் ஃப்ளை) கொஞ்சம் தள்ளு வேண்டும். ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த செட்டாகவே வாங்கிவிடுங்கள். ரீலுக்குப் பணம் கொட்டாதீர்கள். ப்ளூகில் பிடிக்க ரீல் என்பது லைனை வைத்துக்கொள்ள ஒரு டப்பா, அவ்வளவுதான். மிச்சமாகும் காசை லைனில் போடுங்கள். மலிவு லைன் சுருண்டு சுருண்டு நின்று கற்றுக்கொள்பவரை அழவைத்துவிடும். முதல் லைன் மிதக்கும் லைனாக, முன்பக்கம் கனமான வகையாக இருக்கட்டும்.

லைனுக்கும் முள்ளுக்கும் நடுவே ஏழரை அடி லீடர். நுனிக்கு வரவர மெலியும் தங்கூசிதான் அது. அதற்கும் எண் உண்டு. எக்ஸ் எண் கூடக் கூட நுனி மெலிசு. 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று. ப்ளூகிலுக்கு 3 அல்லது 4 எக்ஸ், பாஸுக்கு 0 அல்லது 1 எக்ஸ். பெரிய பாப்பரை 4 எக்ஸில் கட்டினால் லீடர் கடைசிவரை விரியாது. பாப்பர் நடுவழியில் பொத்தென்று விழும்.

ஃப்ளையில் நாலு வகை போதும்: 8 அல்லது 10 எண் முள்ளில் சின்ன பாப்பர், ரப்பர் கால் வைத்த ஸ்பைடர், கருப்பில் ஒரு ஊலி பக்கர் (மூழ்கும் வகை), பாஸுக்கு ஒரு க்ளவுசர் மின்னோ (குட்டி மீன் மாதிரி இருப்பது). முள்ளில் எண் கூடினால் அளவு சிறிது. ப்ளூகிலுக்கு வாய் குட்டி. 4 எண் முள்ளைப் போட்டுவிட்டு "கொத்துது, மாட்ட மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

ஒவ்வொரு முள்ளின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கு நல்லது என்பது ஒருபுறம். காற்று திரும்பும் ஒரு நாள் அது உங்கள் காதில்தான் வந்து ஏறும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசவே கூடாது.

17 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். சாதாரண லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஜூலையில் தொடங்குகிறவர்கள், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேட் பார்க்குக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. அளவு, எண்ணிக்கை வரம்புகள் அங்கேயும் உண்டு.

## 3. தண்ணீருக்கு முன் புல்தரை

லீடர் நுனியில் முள்ளுக்குப் பதில் சின்னக் கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போங்கள். 30 அடி போட வந்தால் போதும். குளத்து மீன் கரையோரமாகத்தான் இருக்கும். 60 அடிக்கு ஆசைப்படுகிறவர் மீனைத் தாண்டித்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

வீச்சு இரண்டே அசைவு. பின்னால் தூக்கி நிறுத்துவது, முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. "நிறுத்துவது" என்பதுதான் முக்கியம். ராட் சட்டென்று நின்றால்தான் வளைந்திருந்த ராட் நிமிர்ந்து லைனைத் தள்ளும். புதியவர்கள் நிறுத்த மாட்டார்கள். மணிக்கட்டை மடக்கி ராட் நுனியைப் பின்னால் தரைவரைக்கும் கொண்டுபோவார்கள். லைனும் அதன் கூடவே புல்லில் விழும். ராட்டின் அடிப்பகுதியைச் சட்டைக் கையின் விளிம்போடு ஒரு ரப்பர் பேண்டால் இணைத்துக்கொண்டு வீசிப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் உடனே இழுக்கும்.

அடுத்தது காத்திருப்பது. பின்னால் போன லைன் முழுதாக நீண்ட பிறகுதான் முன்னால் வர வேண்டும். சவுக்குச் சொடுக்கும் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். தண்ணீரில் அந்தச் சத்தம் கேட்டால் முள் அறுந்து போயிருக்கும். கூச்சப்படாமல் தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டுவதைவிடத் தினமும் பத்து நிமிடம் போதும். தோள் அலுத்த பிறகு பழகுவது தப்பான பழக்கத்தைத்தான்.

## 4. எந்த இடம், எந்த நேரம்

ஏப்ரல் வாக்கில் தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் வந்ததும் ப்ளூகில் முட்டையிட ஆரம்பிக்கும். ஆழமில்லாத கரையோரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். ஆண் மீன் அதைக் காவல் காக்கும், பக்கத்தில் எது விழுந்தாலும் பாயும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் ஒரே கூட்டத்திலிருந்து பெரிய ஆண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். காவல் போனால் முட்டையும் போச்சு.

கோடையில் விடியலும் அந்தியும்தான் பாப்பருக்கு. நடுப்பகலில் மேற்பரப்பில் ஒன்றும் நடக்காது. அப்போது நிழல், பாசி ஓரம், படகுத்துறைக்கு அடி என்று பார்த்து ஊலி பக்கரை மூழ்கவிட்டு மெல்ல இழுங்கள். கடும் வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், அதனால் பிடித்த மீனைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். போட்டோவுக்கு அதை நிற்கவைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கரையில் நிற்கும் முன் கால் வைக்கிற இடத்தைப் பாருங்கள். நெருப்பெறும்புப் புற்றில் மிதித்துவிட்டு லைனைக் கவனிக்க முடியாது. புதர் அடர்ந்த கரையில் காட்டன்மவுத் என்ற விஷப்பாம்பும் இருக்கும்.

## 5. பாப்பர் விழுந்த பிறகு

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மீனை விடுகிறார்கள். பாப்பர் விழுந்ததும் இழுக்காதீர்கள். விழுந்த வளையங்கள் அடங்கும்வரை சும்மா இருங்கள். ராட் நுனி தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கட்டும், லைனில் தொய்வு வேண்டாம். அப்புறம் லைனை ஓரங்குலம் வெடுக்கென்று இழுங்கள். ஒரே ஒரு தடவை. மறுபடி சும்மா இருங்கள். ப்ளூகில் பெரும்பாலும் பாப்பர் அசையாமல் நிற்கும்போதுதான் வாயில் வைக்கும்.

எடுத்ததும் ராட்டை வானத்துக்குத் தூக்க வேண்டாம். இடது கையால் லைனை நேராக ஓர் அடி இழுங்கள். மீன் மாட்டியிருந்தால் கனம் தெரியும். மாட்டாவிட்டாலும் பாப்பர் அதே இடத்தில்தான் கிடக்கும், மீன் திரும்பி வரும். ராட்டைத் தூக்கியவரின் பாப்பரோ தலைக்குப் பின்னால் மரத்தில் தொங்கும்.

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். ப்ளூகிலின் முதுகுமுள் குத்தும். தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாகத் தடவி மடக்கிவிட்டு இறுக்குங்கள். பாஸுக்குக் கீழ்த்தாடையில் கட்டைவிரல் வைத்தால் போதும்.

## 6. இப்போது ராட்: பிளாங்கும் சாமான்களும்

கட்டும் வேலையில் திருத்தவே முடியாதவை இரண்டுதான்: எபாக்சிப் பசையும் (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகுவது), நூலின் மேல் போடும் பூச்சும். மற்ற எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்யலாம். அதனால் இந்த இரண்டுக்கும் முன்னால் நிதானமாக எல்லாவற்றையும் பொருத்திப் பார்ப்பதுதான் மொத்த வித்தையும். அவசரம் எல்லாம் பசை கலந்த பிறகுதான்.

முதல் ராட்டுக்கு, பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறும் கம்பு), ரீல் சீட் (ரீலை மாட்டும் இடம்), கார்க் பிடி, கைடுகள் (லைன் கோத்துப் போகும் வளையங்கள்), நூல் எல்லாம் அளவு பார்த்துச் சேர்த்துத் தரும் கிட் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் மலிவு என்று தோன்றும். நுனியில் மாட்டும் வளையமான டிப் டாப்புக்குள் பிளாங்கின் நுனி நுழையாதபோதுதான் விலை தெரியும். பாப்பருக்கு நடுத்தரமாக வளையும் பிளாங்க் நல்லது. விறைப்பானது தூரம் போகும், ஆனால் 30 அடியில் லைனின் கனம் கைக்குத் தெரியாது.

கைவசம் வேண்டியவை: ஓவியர்கள் பயன்படுத்தும் காகித டேப், மெல்லிய அரம், புது பிளேடு, அளவுகோல், மெதுவாக இறுகும் எபாக்சி, பூச்சு எபாக்சி, ஸ்பிரிட், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. நூல் சுற்ற ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் வி வடிவில் வெட்டி ராட்டை வையுங்கள். நூல்கண்டை ஒரு குவளையில் போட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே கொண்டுவாருங்கள். மேலே வைக்கும் பாரத்தைக் கூட்டிக் குறைத்தால் இழுவிசை சரியாகும்.

## 7. நேர்கோடு கண்டுபிடித்தல்

பிளாங்கைக் கிராஃபைட் (கார்பன் இழை) துணியைச் சுருட்டிச் செய்வதால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். இதற்காகவே சண்டை போடும் ஆட்கள் உண்டு. என் கருத்து: ஃப்ளை ராட்டில் ஸ்பைனைவிட நேர்த்தோற்றம் முக்கியம். துண்டுகளை இணைத்து, நுனி லேசாக மேல்நோக்கி எழும்படி திருப்பி வையுங்கள். கைடுகளின் எடை ஏறியதும் அது நேராகிவிடும். கைடு வரும் அடிப்பக்கத்தில், ஒவ்வொரு இணைப்புக்கும் இரு புறமும் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனி எல்லாமே இந்தக் கோட்டை வைத்துத்தான்.

## 8. பிடியும் ரீல் சீட்டும்

கார்க் பிடி பிளாங்கின் மெலிந்த பக்கத்திலிருந்து கீழே இறங்கும். துளை சிறியதாக இருக்கும். நுனி மெலிந்த அரத்தால் கையாலேயே திருப்பித் திருப்பிப் பெரிதாக்க வேண்டும். நாலு சுற்று, பொருத்திப் பார், மறுபடி நாலு சுற்று. டிரில்லில் மாட்டித் துளைத்தால் துளை கோணலாகிவிடும், பிடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சரியான இடத்தில் கையால் தள்ளி நிற்கும் அளவுக்கு இறுக்கம் போதும். அதற்கு மேல் திணித்தால் கார்க் பிளந்துவிடும்.

ரீல் சீட்டின் துளை பிளாங்கைவிடப் பெரிது. அந்த இடைவெளியைக் காகித டேப்பைச் சுற்றி நிரப்ப வேண்டும். முழு நீளத்துக்கும் சுற்றாதீர்கள். அப்படிச் செய்தால் பசை பிளாங்கைத் தொடவே தொடாது. இரண்டு மூன்று வளையங்களாக, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் வெற்றிடம் விட்டுச் சுற்றுங்கள். ஓரத்தில் டேப் தெரிந்தால் அது தண்ணீரை உறிஞ்சி நாளடைவில் சீட் ஆடும்.

பசை படும் இடத்தில் பிளாங்கின் பளபளப்பை மட்டும் உப்புத்தாளால் மங்கலாக்கி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், சீட்டைத் திருப்பிச் சரிசெய்யும் முன்பே இறுகிவிடும். முதலில் பிடி, அதே பசை இளக்கமாக இருக்கும்போதே அடிப்பக்கத்திலிருந்து சீட். திருகு மேல்நோக்கி இறுகும் சீட்டில் மேல் மூடி கார்க்குக்குள் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். இரண்டையும் தனித்தனி நாளில் ஒட்டினால் அந்தப் பொருத்தம் தவறும். ரீலை மாட்டி, போட்டு வைத்த கோட்டோடு சரியாக நிற்கிறதா என்று கண்ணை ஒட்டிப் பாருங்கள். சரி என்றதும் ரீலைக் கழற்றி, வழிந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓர் இரவு விடுங்கள்.

பிடியின் மேல் விளிம்பை மூடும் வளையத்தைக் கைடு கட்டும் முன்பே போட்டுவிடுங்கள். அப்புறம் நுழைய வழியில்லை.

## 9. டிப் டாப், கைடுகள்

கைடு இடைவெளிகளை நுனியிலிருந்து அளப்பதால் டிப் டாப் முதலில். இதற்கு மட்டும் எபாக்சி வேண்டாம், உருக்கிப் பூசும் பசைக்குச்சி போதும். நாளை உடைந்தால் சூடுகாட்டிக் கழற்றலாம். தீயைப் பசைக்குச்சிக்கும் டிப் டாப்புக்கும் காட்டுங்கள், பிளாங்குக்குக் காட்டாதீர்கள்.

கைடுகளின் பாதங்களை அரத்தால் தீட்டுவது அலுப்பான வேலைதான், ஆனால் விடக்கூடாது. மேல்பக்கம் சரிவாக மெலிந்தால்தான் நூல் இடைவெளி விடாமல் ஏறும். அடிப்பக்கம் பிசிறு இருந்தால், ராட் வளையும் ஒவ்வொரு தடவையும் அது கிராஃபைட்டை அறுக்கும். விரல் நகத்தில் தேய்த்துப் பாருங்கள். நகத்தைச் சுரண்டினால் இன்னும் தீட்ட வேண்டும்.

இடைவெளிக்கு, பிளாங்க் தயாரித்தவர் தரும் அளவுகளைப் பின்பற்றுங்கள். நுனிக்கு அருகில் நெருக்கமாக, கீழே வரவர அகலமாக வரும். 9 அடி ராட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது, பத்து கைடு. எல்லாவற்றையும் மெல்லிய டேப்பால் ஒட்டி, லைனைக் கோத்து, ராட்டை வளைத்துப் பாருங்கள். லைன் ராட்டின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்கேயாவது குறுக்கே வெட்டிப் போனால் அந்த இடத்தில் கைடை நகர்த்துங்கள். இணைப்பின் மேல் விழுகிற கைடையும் கொஞ்சம் தள்ளுங்கள்.

## 10. நூல் சுற்றுதல்

முதலில் பென்சிலில் பழகுங்கள். ஏ அளவு நைலான் நூல் நல்லது. பாதத்துக்குச் சற்று வெளியே பிளாங்கில் தொடங்கி, நூலின் முனை மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றினால் அது பிடித்துக்கொள்ளும். மிச்ச முனையை வெட்டிவிட்டு, பாதத்தின் மேல் ஏறிக் கைடின் கால் வரைக்கும் போங்கள். முடியப் பத்துச் சுற்று இருக்கும்போது தனி நூலை மடித்து ஒரு கண்ணி வைத்து அதன் மேல் சுற்றுங்கள். கடைசி முனையை அந்தக் கண்ணியில் நுழைத்து, கண்ணியை இழுத்தால் முனை சுற்றுக்கு அடியில் போய்விடும். வழவழப்பான பேனா மூடியால் தேய்த்தால் இடைவெளிகள் மூடும்.

அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். பூச்சுக்கு முன் கைடை விரலால் தள்ளினால் லேசாக நகர வேண்டும். அப்போதுதான் கோட்டுக்கு வராத கைடைத் திருத்த முடியும்.

பெண் இணைப்பின் (அடுத்த துண்டு உள்ளே நுழையும் பக்கம்) வாயில் கைடு இல்லாவிட்டாலும் நூல் சுற்றியே ஆக வேண்டும். ராட் வளையும்போது உள்ளே இருக்கும் துண்டு அந்த வாயைப் பிளக்கப் பார்க்கும். அழகுக்குத்தானே என்று நினைத்து இதை விட்ட ராட்டுகள் அங்கேயேதான் வெடிக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: சாதாரண நைலான் நூல் பூச்சு பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகி, நிறம் இருளும். வெளிர்நிறம் அப்படியே வேண்டுமானால் நிறம் மாறாத வகை என்று கேட்டு வாங்குங்கள்.

## 11. பூச்சு

மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தூசிதான் முதல் எதிரி. அறை குளிராக இருக்கக்கூடாது. குளிர்ந்த எபாக்சி தேன் பதத்தில் குமிழிகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு திரவங்களையும் தனித்தனி ஊசிக்குழலில் சரிசமமாக எடுங்கள். அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும், பிறகு அதற்கு மருந்தே கிடையாது. ரப்பர் முனை வைத்த ஊசிக்குழலில் தடவியிருக்கும் சிலிக்கான் பட்டால் பூச்சில் வட்ட வட்டக் குழிகள் வரும். அதனால் முழுக்க பிளாஸ்டிக்கால் ஆனதாகப் பாருங்கள்.

மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்புங்கள். குமிழிகள் தானாக மேலே வந்து உடையும், பசையும் சூடேறிச் சீக்கிரம் இறுகாது. ராட்டைச் சுழற்றிக்கொண்டே நூலின் மேல் பூசி, அதன் விளிம்பை ஒரு மயிரிழை தாண்டிப் போங்கள். ராட்டை நிறுத்திப் பாருங்கள்: அடிப்பக்கம் தொங்கும் பசையைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள். முதல் பூச்சு மெலிசாக, நூலுக்குள் ஊறினால் போதும். ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் நடுவில் பருத்துத் தொங்கும். இணைப்பின் வாய்க்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. போனால் துண்டுகள் இனி சேராது.

சுழற்றும் மோட்டார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதலில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதிச் சுற்று திருப்பிக்கொண்டே, பசை ஓடுவது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். மறுநாள் இரண்டாம் பூச்சு.

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும். உடனே துணிப்பைக்குள் போடாதீர்கள், துணியின் நெசவு பூச்சில் பதிந்துவிடும். ஒரு வாரம் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு எடுங்கள். முதல் நாள் வீசும்போது அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொரு இணைப்பையும் கையால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்த இணைப்போடு வீசினால், பெண் துண்டின் வாய் நீங்கள் சுற்றிய நூலையும் மீறிப் பிளக்கும்.